பட்டம் கையில் இருக்கிறது, பாடம் எங்கே போயிற்று? – கேள்வி பதில்

மொரீஷியஸில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்குக் கல்வி உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பல்கலைக்கழகத்தில் படித்தது பட்டம் வாங்கிய பிறகு எவ்வளவு காலம் நினைவில் நிற்கும் என்று கேட்டு நம் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பாதிக் கேள்விகள் கிரியோலில் வந்தன. அவற்றையும் தமிழில் எழுதியிருக்கிறேன். இப்படிப்பட்ட விஷயங்களைத் தமிழில் வாசிக்க நம் தீவில் வாய்ப்பு குறைவு என்பதால் பதில்களைச் சற்று விரிவாகவே தருகிறேன்.

கேள்வி (எபேன், நிதி நிறுவன ஊழியர்): வணக்கம் அம்மா. எட்டு வருஷத்துக்கு முன் ரெதுயியில் பொருளாதாரத்தில் பட்டம் வாங்கினேன். போன மாதம் வீடு மாறும்போது இறுதியாண்டு நோட்டு ஒன்று கிடைத்தது. என் கையெழுத்துதான், ஆனால் என்ன எழுதியிருக்கிறேன் என்றே புரியவில்லை. மூன்று வருஷப் படிப்பும் அடியோடு போய்விட்டதா?

பதில்: அடியோடு போகவில்லை, தம்பி. ஆனால் "எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது" என்று சொல்லியும் உங்களை அனுப்ப மாட்டேன், அதுவும் உண்மை இல்லை.

ஒன்று நினைவில் இருக்கிறதா என்பதை மூன்று விதமாகச் சோதிக்கலாம். எதையும் பார்க்காமல் தானாக எடுத்துச் சொல்ல முடிகிறதா என்பது முதல் சோதனை. இதுதான் மிகக் கடினம், இதில்தான் முதலில் தோற்கிறோம். கண்ணில் பட்டதும் "ஆமாம், இதுதான்" என்று அடையாளம் காண முடிகிறதா என்பது இரண்டாவது. இந்த இரண்டிலும் தோற்றாலும், மறுபடி படிக்கும்போது முதல் தடவையைவிடக் குறைந்த நேரத்தில் பிடிபடுகிறதா என்பது மூன்றாவது. நீங்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதல் இரண்டு சோதனைகளோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

மூன்றாவது சோதனையை அறிவியலுக்குள் கொண்டுவந்தவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர். பொருளில்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். மறந்த வரிசையை மறுபடி படிக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மிச்சம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு அப்படியே இருந்தது. முதலில் மடமடவென்று சரிவு, பிறகு மிக மெதுவான தேய்மானம். 2015இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் ஏறக்குறைய அதே வளைவுதான் வந்தது. அர்த்தமே இல்லாத அசைகளுக்கே இப்படி என்றால், நீங்கள் புரிந்து படித்த பாடத்தில் இன்னும் கூடுதலாக மிஞ்சியிருக்கும்.

ஒரு வேலை செய்து பாருங்கள். அந்த நோட்டில் ஒரே ஒரு தலைப்பை எடுங்கள், தேவையின் நெகிழ்ச்சி (விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்பது) போல ஏதாவது அடிப்படையானது. ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். நோட்டை மூடிவிட்டு, உங்களுக்குப் புரிந்ததை ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன ஆயிற்று என்று இங்கேயே சொல்லுங்கள்.

கேள்வி (ரோஸ் ஹில், இரண்டாம் ஆண்டு மாணவி): சுற்றி வளைக்காமல் ஒரு சதவீதம் சொல்லுங்கள் அம்மா. படித்ததில் எத்தனை சதவீதம் நிற்கும்?

பதில்: ஒரே எண் கிடையாது, மகளே. எந்தப் பாடம், எவ்வளவு ஆழமாகப் படித்தது, எப்படிச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். இருந்தாலும் நம்பிச் சொல்லக்கூடிய சில அளவுகள் உண்டு.

மருத்துவ மாணவர்கள் முதல் ஆண்டுகளில் படிக்கும் அடிப்படை அறிவியல் பற்றிய ஆய்வுகளை 2010இல் யூஜின் கஸ்டர்ஸ் என்ற டச்சு ஆய்வாளர் தொகுத்துப் பார்த்தார். பயன்படுத்தாமல் விட்ட பாடத்தில், ஓராண்டுக்குப் பிறகு மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கு வரை மிஞ்சுகிறது. அடுத்த ஆண்டு அது பாதிக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது.

இன்னும் நீண்ட காலத்தைப் பார்த்தவர் அமெரிக்காவின் ஹாரி பாரிக். பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானிய மொழி படித்த 733 பேரை அவர் சோதித்தார். சிலர் அப்போதுதான் படித்து முடித்தவர்கள், சிலர் படித்து ஐம்பது ஆண்டு ஆனவர்கள். 1984இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது இது: கடைசி வகுப்பு முடிந்து முதல் மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள் பெரும் சரிவு. அந்தச் சரிவில் தப்பியது அதன் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அசையாமல் நிற்கிறது, இடையில் அந்த மொழியைத் தொடாதவர்களுக்கும்கூட. வயது ஏறிய பிறகே மீண்டும் கொஞ்சம் இறக்கம்.

நீ இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாய். உனக்கு முக்கியமான காலம் பட்டத்துக்குப் பிந்தைய அந்த முதல் ஐந்தாறு ஆண்டுதான். எது நிலைக்கும், எது போகும் என்பது பெரும்பாலும் அதற்குள் முடிவாகிவிடுகிறது.

கேள்வி (காத்ர் போர்ன், விடுதி வரவேற்பாளர்): அக்கா, மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்தேன். ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை, ஹோட்டலுக்கு வந்துவிட்டேன். அங்கே பிரெஞ்சும் ஆங்கிலமும்தான், வீட்டில் கிரியோல். பத்து வருஷம் ஆகிறது. காவடி அன்று கோவிலில் தேவாரப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். எழுத்தெல்லாம் தெரிகிறது, ஆனால் வாய் தடுமாறுகிறது, பாதிக்கு அர்த்தம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் "நீ தமிழ் படித்தவள்தானே?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். என்னிடம் படித்த எத்தனையோ பேர் இதே நிலையில் இருக்கிறார்கள்.

உங்களுக்கு எழுத்து மறக்கவில்லை, கவனித்தீர்களா? ஒன்றாம் வகுப்பிலிருந்து வருஷக்கணக்காக எழுதி எழுதிப் பழகியது அது. தேவைக்கு மேல் பல மடங்கு பயின்ற ஒன்றை மறப்பது மிக அரிது. ரூபாய் நோட்டில் தமிழைப் பார்த்தால் இப்போதும் உங்கள் கண் தானாக வாசிக்கும். ஆனால் சொற்கள் அப்படி இல்லை. கடைசி இரண்டு வருஷத்தில் தேர்வுக்காகக் கற்ற சொற்கள் மெல்லிய வேரோடு நின்றவை. மொழி கற்றவர்களிடம் பாரிக் கண்டதும் இதுதான்: சொல்லைப் பார்த்துப் பொருளை அடையாளம் காண்பது நிற்கிறது, பொருளை நினைத்துச் சொல்லை வரவழைப்பதுதான் முதலில் போகிறது. இன்னொன்றும் கண்டார். யார் எவ்வளவு ஆழமாக, எத்தனை ஆண்டு படித்தார்கள் என்பதே பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது. நீங்கள் பல்கலைக்கழக மட்டம் வரை போனவர். உங்களிடம் மிஞ்சியிருப்பது, ஆறாம் வகுப்போடு தமிழை விட்டவரிடம் இருப்பதைவிட நிச்சயம் அதிகம்.

தேவாரத்தை வைத்து உங்களை நீங்களே அளக்காதீர்கள். அது ஏழாம் நூற்றாண்டுத் தமிழ் தொடங்கி வருவது. இன்றைக்கு நாளிதழ் வாசித்தே வளர்ந்தவர்களும் உரை இல்லாமல் அதை முழுவதும் புரிந்துகொள்ள மாட்டார்கள். வாய் தடுமாறியது அறிவு போனதற்கு அடையாளம் அல்ல. செந்தமிழும் நாப்பழக்கம் என்று நம் முன்னோர் சொன்னது சரிதான், பத்து வருஷம் நாக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவ்வளவே.

தினமும் ஒரு மணி நேரம் என்றெல்லாம் திட்டம் போட வேண்டாம், விடுதி வேலையில் அது நடக்காது. வாரத்தில் இரண்டு நாள், ஒரு பதிகத்தில் இரண்டே பாட்டு, உரையோடு சத்தமாக வாசியுங்கள். அடுத்த வாரம் புத்தகத்தைத் திறக்கும் முன் போன வாரப் பாட்டின் பொருளை உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லிப் பாருங்கள். பிறகுதான் பக்கத்தைத் திறக்க வேண்டும், இந்த வரிசை முக்கியம். வருஷப் பிறப்புக்குள் வித்தியாசம் தெரியும்.

பக்கத்தில் இருந்து அப்படிக் கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து வருஷம் தொடாத மொழியை ஒருவர் சபையில் வாசிக்க முன்வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசியுங்கள். அப்படிக் கேட்டால் அடுத்த தடவை அவர் புத்தகத்தையே தொடமாட்டார்.

கேள்வி (ஃபிளாக், சர்க்கரை ஆலைப் பொறியாளர்): ஒரு விநோதம். கல்லூரியில் படித்த உயர் கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் எனக்கு மறந்தே போயிற்று. ஆனால் பள்ளியில் படித்த இயற்கணிதம் விரல் நுனியில் இருக்கிறது. மகனுக்குச் சொல்லித் தருகிறேன். முன்னால் படித்தது அல்லவா முதலில் மறக்க வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஐயா. நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்லிவந்த ஆய்வு ஒன்று இதற்கு நேராகப் பதில் சொல்கிறது.

பாரிக்கும் லிண்டா ஹால் என்பவரும் 1991இல் வெளியிட்டது அது. பள்ளியில் இயற்கணிதமும் வடிவியலும் படித்த ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டோரைச் சோதித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கல்லூரியில் நுண்கணிதம் வரையோ அதற்கு மேலோ போனவர்கள். அவர்கள் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் பள்ளி இயற்கணிதத்தை இழக்கவில்லை. இன்னொரு பகுதியினர் பள்ளியில் அதே அளவு நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள், ஆனால் கல்லூரியில் கணிதம் எடுக்காதவர்கள். அவர்களுடைய விடைகள் அரை நூற்றாண்டில் கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகக் குறிப்பவர்களின் மட்டத்துக்கு அருகில் வந்துவிட்டன.

மதிப்பெண் சமம், தொடக்கத்தில் தெரிந்ததும் ஏறக்குறைய சமம். வித்தியாசம் எங்கே வந்தது? நுண்கணிதம் படிக்கும்போது ஒவ்வொரு கணக்கிலும் இயற்கணிதம் வேலைக்காரனாக வந்து நிற்கிறது. அதைப் படிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பல ஆண்டுகள், பல சூழல்களில், இடைவெளி விட்டுவிட்டு அதைப் பயன்படுத்துகிறோம். மேல்வகுப்புப் பாடம் கீழ்வகுப்புப் பாடத்தைப் பூட்டி வைக்கிறது. உங்கள் வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு மேலே எதுவும் வரவில்லை, ஆலையிலும் அதைக் கையால் போடவேண்டிய தேவை இல்லை. ஆகவே அது போயிற்று.

இதிலிருந்து பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்று. ஒரு பாடம் வாழ்நாள் முழுக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு படி மேலே போய்ப் படியுங்கள். அந்த மேல்நிலைப் பாடம் மறந்தாலும் பரவாயில்லை. பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யோடு பிரெஞ்சையோ கணக்கையோ தமிழையோ நிறுத்திவிடுவதற்கும், பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு துணைப்பாடமாகவாவது தொடர்வதற்கும் உள்ள வித்தியாசம் முப்பது வருஷம் கழித்துத் தெரியும்.

கேள்வி (எபேன் நண்பர் மீண்டும்): அம்மா, நீங்கள் சொன்னபடி நேற்று மாலை நெகிழ்ச்சி பற்றி உட்கார்ந்து படித்தேன். முதல் பத்து நிமிஷம் இருட்டு. பிறகு சட்டென்று வரைபடம் மனதில் வந்தது. ஒரு பக்கம் எழுத உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஆனால் அடுத்த அத்தியாயம், பொருளியல் அளவையியல் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் அளப்பது), ஒன்றும் வரவில்லை. அதுவும் 'ஏ' வாங்கிய பாடம்.

பதில்: சந்தோஷம், தம்பி. முதலாவது புரிந்து படித்தது, இரண்டாவது சூத்திரத்தை ஒப்பித்தது என்று நினைக்கிறேன். 'ஏ' வாங்கியது இதற்குச் சாட்சி ஆகாது. ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்ட தாயும் இதே கவலையில் இருக்கிறார்.

கேள்வி (திரியோலே, ஒரு தாய்): மகன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறான். செமஸ்டர் முழுக்க ஊர் சுற்றல். தேர்வுக்கு முந்தின இரண்டு ராத்திரி கண் விழித்து, பழைய வினாத்தாளும் மாதிரி விடையும் உருப்போட்டு, நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறான். திட்டினால் "மார்க் வந்துவிட்டதே" என்கிறான். என்ன சொல்லட்டும்?

பதில்: அவன் சொல்வதில் ஒரு பாதி உண்மை, அதை ஒப்புக்கொண்டே பேசுங்கள். உருப்போட்டால் மறுநாள் தேர்வுக்கு உதவும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் பாடத்தை இரண்டு தடவை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தடவை படித்து, பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் இரண்டு தடவை படித்தவர்களே முன்னால்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ். இரண்டு தடவை படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56.

உங்கள் மகன் முதல் பிரிவு. அவன் தேர்வு எழுதுவது அந்த ஐந்தாவது நிமிஷத்தில். அதனால்தான் அவனுக்கு மதிப்பெண்ணும் வருகிறது, தன் முறை சரி என்ற நம்பிக்கையும் வருகிறது.

மதிப்பெண் எதைக் காட்டுகிறது என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அறிவாற்றல் உளவியல் படித்தவர்களை மார்ட்டின் கான்வே குழுவினர் பன்னிரண்டு ஆண்டு வரையான இடைவெளியில் சோதித்தார்கள். ஆய்வாளர்களின் பெயர்கள் விரைவாக மறந்தன, கருத்துகள் மெதுவாக. ஆய்வு செய்யும் முறைகளைப் பற்றிய அறிவு மட்டும் நன்றாக நின்றது, ஏனென்றால் அதை மாணவர்கள் கையால் செய்து பழகியிருந்தார்கள். பின்னாளில் யாருக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்பதை இறுதித் தேர்வு மதிப்பெண் சொல்லவில்லை, ஆண்டு முழுவதும் செய்த கட்டுரை, பயிற்சி மதிப்பெண்தான் சொன்னது. இதை உங்கள் மகனிடம் வாசித்துக் காட்டுங்கள்.

இந்தப் பழக்கம் பல்கலைக்கழகத்தில் வந்ததல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சின்ன வயதிலிருந்தே பள்ளி முடிந்து டியூஷன், டியூஷன் முடிந்து வினாத்தாள் என்று நாம்தான் பிள்ளைகளை ஓட்டுகிறோம். கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பழைய வினாத்தாள் போட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. மாதிரி விடையை மூடி வைத்துவிட்டு, தானே எழுதி, பிறகு ஒப்பிட்டால் அதைவிட நல்ல வழி இல்லை. மாதிரி விடையையே மனப்பாடம் செய்யச் சொல்லும் இடத்தில்தான் கெட்டுப்போகிறது. அதற்குப் பணம் கட்டுகிற பெற்றோர் இதை யோசிக்க வேண்டும். எனக்கு இதில் கோபமே உண்டு, மறைக்கவில்லை.

மகனை ஊர் சுற்றாதே என்று சொல்ல வேண்டாம், கேட்கமாட்டான். ஒன்று மட்டும் கேளுங்கள். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, "இந்த வாரம் என்ன படித்தாய், எனக்குப் புரிகிற மாதிரி சொல்" என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாது என்பதுதான் இதில் நன்மை.

கேள்வி (கியூர்பிப், மருத்துவர்): ரஷ்யாவில் படித்தேன். கிரெப்ஸ் சுழற்சியை, அதாவது உடலின் செல்கள் சக்தி உண்டாக்கும் வேதிவினைத் தொடரை, இப்போது வரையச் சொன்னால் முடியாது. நோயாளிகளைப் பார்க்கும்போது குற்ற உணர்ச்சி.

பதில்: டாக்டர், குற்ற உணர்ச்சி வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். அனுபவமுள்ள மருத்துவர்களின் அறிவைப் பற்றி நெதர்லாந்தின் ஹென்னி போஷூய்சனும் ஹென்க் ஷ்மித்தும் 1992இல் எழுதினார்கள். மாணவராக இருந்தபோது தனித்தனியாகக் கற்ற உயிர்வேதியியல், உடலியங்கியல் விவரங்கள், நோயாளிகளைப் பார்க்கப் பார்க்கச் சில பெரிய கருத்துகளுக்குள் சுருங்கி அடங்கிவிடுகின்றன. சர்க்கரை நோயாளி மூச்சு வாங்கி வந்தால் உங்களுக்கு உடனே இரத்தத்தின் அமிலத்தன்மை ஞாபகம் வருகிறது, படிப்படியான வேதிவினை வருவதில்லை. அது மறதி அல்ல, வேலைக்கு ஏற்ற வடிவத்துக்கு அறிவு மாறியிருக்கிறது. கவனம் வேண்டியது வேறிடத்தில்: வருஷத்தில் ஒரு தடவை வரக்கூடிய ஆபத்தான நிலைகள், அடிக்கடி எழுதாத மருந்தின் அளவு. பயன்படாததால் நழுவுவது இவைதான். இவற்றை நினைவை நம்பிச் செய்யாமல் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள்.

கேள்வி (போர்ட் லூயிஸ், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்): எனக்கு 71 வயது. இளமையில் படித்தது ஞாபகம் இருக்கிறது, போன வாரம் வாசித்தது இல்லை.

பதில்: பத்து முதல் முப்பது வயது வரை நடந்தவை எல்லோருக்கும் கூடுதலாக நினைவில் நிற்கும், இது பல ஆய்வுகளில் உறுதியானது. அதோடு, இளமையில் படித்ததை நீங்கள் எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை பேசியிருப்பீர்கள். போன வாரம் வாசித்ததையும் பேத்தியிடம் சொல்லிப் பாருங்கள், ஐயா. அன்றாட வேலைகளே தடுமாறினால் மட்டும் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): கொஞ்சம் கடுமையாகக் கேட்கிறேன். 2019 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை, அதாவது எங்கள் வரிப்பணம். ஐந்து வருஷத்தில் பாதிக்கு மேல் மறந்துவிடும் என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு எதற்கு இந்தச் செலவு? பட்டம் வேலைக்கு ஒரு சீட்டு என்று ஒப்புக்கொள்ளலாமே.

பதில்: கடுமையாகக் கேட்டதற்கு நன்றி. சீட்டாகவும் அது பயன்படுகிறது, மறுக்கமாட்டேன். ஆனால் அவ்வளவுதானா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லெமன், லெம்பர்ட், நிஸ்பெட் என்ற மூவர் 1988இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். முதுநிலை மாணவர்களிடம் அன்றாட வாழ்க்கைச் சம்பவங்களைக் கொடுத்து, அதில் எது காரணம், எது தற்செயல், இந்தச் சான்று போதுமா என்று கேட்டார்கள். உளவியலும் மருத்துவமும் படித்தவர்கள் படிப்பு வளர வளர இதில் தெளிவாக முன்னேறினார்கள். வேதியியல் படித்தவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. வேதியியல் தாழ்ந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. உளவியலிலும் மருத்துவத்திலும் நிச்சயமில்லாத சான்றுகளோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது, அந்தப் பழக்கம் பாடத்துக்கு வெளியேயும் வருகிறது. விவரம் மறந்தும் நிற்கக்கூடியது ஒன்று உண்டு என்பதற்கு இது சான்று. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: அது தானாக வராது, எதைப் பயிற்றுகிறோமோ அதுதான் வரும்.

ஆகவே உங்கள் கேள்வியை நான் மாணவர்கள் பக்கம் திருப்பமாட்டேன், கற்பிப்பவர்கள் பக்கம் திருப்புவேன். முதல் செமஸ்டரில் தேர்வு வைத்த பாடத்தை அடுத்த ஐந்து செமஸ்டரில் யாரும் தொடுவதில்லை என்றால், அந்தப் பாடத்துக்குச் செலவான வரிப்பணம் வீண்தான். இதை நான் பணியில் இருந்தபோதும் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (ரெதுயி, இளம் விரிவுரையாளர்): அப்படியானால் நான் என்ன மாற்ற வேண்டும், அம்மா? பாடத்திட்டம் என் கையில் இல்லை.

பதில்: பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லை, ஆனால் வகுப்பின் முதல் பத்து நிமிஷம் உங்கள் கையில் இருக்கிறது. வகுப்பு தொடங்கியதும் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒன்று போன வாரத்திலிருந்து, ஒன்று மூன்று வாரத்துக்கு முன்னாலிருந்து, ஒன்று போன செமஸ்டரிலிருந்து. காகிதத்தில் எழுதட்டும், மதிப்பெண் வேண்டாம்.

இடைவெளி ஏன் என்று கேட்பீர்கள். நிக்கலஸ் செபேடா குழுவினர் 2008இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இதை அளந்தார்கள். ஒரு வாரம் கழித்து நினைவிருக்க வேண்டுமென்றால் ஒரு நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது போதும். ஏறக்குறைய ஒரு வருஷம் நிற்க வேண்டுமென்றால் மூன்று வார இடைவெளிதான் நல்ல பலன் தந்தது. பாரிக் தன் குடும்பத்தாரோடு சேர்ந்து அந்நிய மொழிச் சொற்களை ஆண்டுக்கணக்கில் கற்று, 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 56 நாளுக்கு ஒரு தடவை என்று 13 தடவை படித்ததும், 14 நாளுக்கு ஒரு தடவை என்று 26 தடவை படித்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. பாதி உழைப்பு மிச்சம்.

மாணவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். இடைவெளி விட்டுப் படிக்கும்போது மறந்த மாதிரி இருக்கும், சிரமமாக இருக்கும், "எனக்கு இது வரவில்லை" என்று தோன்றும். அந்தச் சிரமத்தில்தான் நினைவு ஊன்றுகிறது என்பதை முதல் வகுப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (மாயேபூர், பள்ளி ஆசிரியை): எனக்கு 44 வயது. இருபது வருஷத்துக்கு முன் உயிரியலில் பட்டம். இப்போது முதுகலைக்குச் சேர இடம் கிடைத்திருக்கிறது. கூடப் படிக்கப்போகிறவர்கள் நேற்றுப் பட்டம் வாங்கிய பிள்ளைகள். பழையது ஒன்றும் நினைவில்லாமல் போய் உட்கார்ந்தால் அவமானம். சேரலாமா?

பதில்: சேருங்கள், அம்மா. இருபது வருஷத்தில் நிலைத்து நிற்பது இனி எளிதில் போகாது, அந்தப் பிள்ளைகளுக்கோ பெரும் சரிவு இனிமேல்தான். பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து வருகிறீர்கள் என்றால் அடித்தளம் உங்களிடம் அவர்களைவிட உறுதி.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நீங்கள் பட்டப்படிப்புப் படித்த காலத்தில்தான் மனித மரபணுத் தொகுதியின் வரிசை வந்துகொண்டிருந்தது. 2003இல் அந்தத் திட்டம் முடிந்தது. கிரிஸ்பர் முறையில் மரபணுவைத் திருத்தலாம் என்று காட்டிய ஆய்வு 2012இல் வந்தது. இவற்றை நீங்கள் மறக்கவில்லை, படிக்கவே இல்லை. மறந்ததையும் புதிதாக வந்ததையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பயப்படாதீர்கள். ஒரு தாளில் இரண்டு பட்டியல் போடுங்கள். மறந்த பட்டியலில் உள்ளவை விரைவாகத் திரும்பி வரும், அதற்கு வாரம் ஒரு மாலை போதும். புதிய பட்டியலுக்கு அதிக நேரம் வையுங்கள், அதை அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள். வகுப்பு தொடங்க இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது, எந்தத் துறையில் சேருகிறீர்கள் என்று எழுதினால், எந்த அத்தியாயத்தில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.